இடது முன்சக்கரத்துச் சத்தம்

சேகருக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் மாமா மகள் கோமதியைக் கட்டிக்கொள்ள முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். என் சம்மதத்தைக் கேட்கவில்லை, தகவல் சொல்லியிருக்கிறாய். அது போகட்டும். பம்பாயில் தனியாக இருந்து சம்பாதிக்கிறவன், யாரைக் கட்டவேண்டும் என்று உனக்குத் தெரியும். அதற்குக் கீழே ஒரு பாரா எழுதியிருக்கிறாயே, இந்தப் பதில் அதற்குத்தான். அம்மா போன துக்கத்தை மாமா தங்கராசுவின் மேல் காட்டிக்கொண்டு இத்தனை வருஷமாக அவர் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறேனாம். கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவர் அவராம். கல்யாணத்தன்றாவது பெரிய மனசு பண்ணி அவரோடு நாலு வார்த்தை பேசவேண்டுமாம். பெரிய மனசு! அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒருத்தி தன் வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

உன் அம்மா எப்படிச் செத்தாள் என்று உனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். திருச்சி காலேஜிலிருந்து நீ வந்து இறங்கியபோது உன் மாமா உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ரோட்டுல கெடந்த கல்லுல சக்கரம் ஏறிடுச்சு சேகரு, விதிடா" என்று அழுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் கல் எதுவும் கிடக்கவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்தக் கறுப்பு வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கும்போதே பழசு. மடக்குத் துணிக்கூரையும் வெளியே பிதுங்கி நிற்கும் ஹார்னும் பார்த்து அரியலூர்ப் பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோனது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்காரர்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை விட்டபடி ஓட்டினார்கள். டாக்டர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெட்ரோல் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்வந்தேன். அப்படிப் போய்வந்த ஒரு கோடையில்தான் இடது முன்சக்கரத்துப் பக்கம் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். நல்ல ரோட்டில் கிடையாது. வேகமாகப் போனாலும் கிடையாது. மாட்டுவண்டித் தடத்தில் மெதுவாக இறங்கும்போது மட்டும்.

சத்தத்தைத் தேடுவது நோயைத் தேடுவதைவிடச் சங்கடம். நோயாளிக்காவது எங்கே வலிக்கிறது என்று சொல்ல வாய் இருக்கிறது. முதலில் மட்கார்டு ஆடுகிறது என்று நினைத்து அதன் போல்ட்டுகளை முடுக்கினேன். பிறகு முன்விளக்கு மாட்டியிருந்த கம்பியில் துணியைச் சுற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. பெரம்பலூருக்கு ஓட்டிக்கொண்டு போய் உன் மாமாவின் பட்டறையில் விட்டேன். அவன் கைதேர்ந்தவன், அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. மெட்ராஸ் ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் பட்டறை வாசலில் காத்துக் கிடப்பார்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, "சக்கரம் திரும்புற கிங் பின்னு தேஞ்சுபோச்சு மச்சான்" என்றான். பித்தளையைக் கடைந்து அதற்கு உறையாகப் புது புஷ் போட்டான். ஸ்டியரிங் ஆட்டம் நின்றது, சத்தம் நிற்கவில்லை. அடுத்த முறை, ஸ்பிரிங் தொங்குகிற பின்களெல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்று கிரீஸ் அடித்துவிட்டான். ஊர் வந்து சேரும்வரை அமைதியாக வந்தது. மறுநாள் மருதையாற்று இறக்கத்தில் மறுபடி ‘டொக்’. அதிர்வு தாங்குகிற கையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். வண்டி படகு மாதிரி ஆடியது, சத்தம் மட்டும் குறையவில்லை. "பழைய வண்டிதானே மச்சான், கொஞ்சம் பேசத்தான் செய்யும். உங்க காதுல மாட்டுற கொழாய வச்சு வேணும்னா பாருங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கண்டுபிடித்தது உன் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள். பள்ளம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். இரண்டு மூன்று பள்ளம் தாண்டியதும், "ஏங்க, இது கழண்டு ஆடுற சத்தம் இல்லீங்க" என்றாள். "கீறல் விட்ட பானையத் தட்டுனா வருமே, அந்தச் சத்தம். எங்கியோ விரிசல் விட்டிருக்கு, நல்லாப் பாருங்க." வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். முன் அச்சுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற நீளப் பட்டைதான் அச்சை வண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண்ணுக்குத் தூவுகிற வெள்ளைப் பவுடரை அதன்மேல் தூவினேன். உன் அம்மாவை மட்கார்டைப் பிடித்து அழுத்தி அழுத்தி விடச் சொன்னேன். முன்பக்கத்து வளையத்தை ஒட்டி, வெள்ளைப் பவுடரின் குறுக்கே, முடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது. "நான் சொல்லல?" என்று கைதட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். இன்னும் கொஞ்ச நாள் சிரித்தாள்.

புதுப்பட்டை கிடைக்கிற காலமா அது? வைத்தியத்துக்கு வந்த ஒரு ரயில்வேக்காரர் திருச்சியில் பழைய மோட்டார் சாமான் கடைகளில் சொல்லி வைத்தார். அதே வண்டிக்கு உரிய பட்டை ஒன்று, யாரும் பூட்டாதது, எண்ணெய்க் காகிதம் சுற்றியபடியே கிடைத்தது. அதை வண்டியில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் போனேன். விரிசல் எங்கே என்று காட்டி, பட்டையை உன் மாமா கையில் கொடுத்து, "இது ஒடஞ்சா வண்டி கையில நிக்காது தங்கராசு" என்று சொன்னேன். "எனக்குத் தெரியாதா மச்சான், விட்டுட்டுப் போங்க" என்றான். சில நாள் கழித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டான். ஸ்பிரிங் இரண்டுக்கும் தோலில் உறை தைத்து, காலணிக்கு மாதிரி கயிறு கோத்து இறுக்கிக் கட்டியிருந்தான். தூசி போகாது, கிரீஸ் காயாது, சீமையில் பெரிய வண்டிக்கெல்லாம் இப்படித்தான் என்றான். ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பள்ளத்திலும் ஒரு முனகல் இல்லை. உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எந்தம்பி கைபட்டா இரும்பும் வாய மூடிக்கும்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஐப்பசி மாதம் கோமதி பெரியவளானாள். தம்பி மகளுக்கு அத்தை சீர் கொண்டுபோக வேண்டும். தாம்பாளம், பழம், மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. புடவையைப் பின்சீட்டில் வைத்தால் கசங்கும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். காலை வெயில் ஏறுவதற்கு முன் அரியலூரிலிருந்து கிளம்பினோம். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது, நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பாதி வழி தாண்டி ஓடைப்பாலம் ஒன்று வரும், உனக்குத் தெரியும், பக்கத்தில் ஒற்றைப் பனை நிற்கும். பாலத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம். இறங்கியதும் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடதுபக்கம் சுழன்றது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதி நின்றபோது அவள் சீட்டில் இல்லை. வெளியே விழுந்து, சுவரின் கல்லில் அடிபட்டு ரோட்டில் கிடந்தாள். நாடியைப் பிடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஜில்லாவில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவன், ஈர ரோட்டில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பொடவ மண்ணாவுதுங்க, எடுங்க" என்றாள். எடுத்தேன். "நேரமாவுது, புள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். வைக்கோல் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் வைக்கோலைத் தள்ளிவிட்டு இடம் பண்ணினார். அவளைத் தூக்கி ஏற்றும்போதே போய்விட்டாள்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, மாடு பூட்டி இழுத்துவந்து போட்டிருந்த அந்த வண்டியிடம் போனேன். ஸ்பிரிங்கின் தோலுறையைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே இருந்தது பழைய பட்டை. நான் பவுடர் தூவிப் பார்த்த அதே பட்டை. விரிசலுக்கு மேலும் கீழும் டயர்த் துண்டை வைத்து, கித்தானைச் சுற்றி, கம்பியால் வரிந்து கட்டி, அதன்மேல் கிரீஸை அப்பியிருந்தான். பட்டையின் உடைந்த முனையைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால் பாகம் பழந்துருவாகப் பழுப்பேறிக் கிடந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெள்ளி மாதிரி பளபளத்தது. அந்தக் கீற்றுதான் நாங்கள் பாலம் வரைக்கும் போவதற்குத் தாங்கியிருக்கிறது. புதுப்பட்டை எங்கே போனது என்று நான் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அதே வாரத்தில் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெரிய முந்திரித்தோப்புக்காரர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். என்னுடையதைப் போன்றதே அவர் வண்டியும். பேச வேறொன்றும் கிடைக்காமல், "நம்ப வண்டியும் படுத்துத்தாங்க கெடந்துச்சு. மவ கல்யாண நேரம். ஒங்க மச்சான்தான் எங்கியோ புதுப்பட்டை ஒண்ணு புடிச்சு மாட்டிக் குடுத்தாரு" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு என்ன தெரியும்?

பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போனேன். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு உன் மாமாவைக் கேட்டேன். முதலில் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்றே புரியாதவன் மாதிரி நின்றான். உடைந்த துண்டைத் துணியிலிருந்து பிரித்து முன்னால் வைத்தேன். "அந்தத் தோப்புக்காரரு வந்து வாசல்ல நின்னுட்டாரு மச்சான். அவரு சொன்னா இந்தப் பக்கத்து லாரி, பஸ்ஸு அத்தனையும் நம்ப பட்டறைக்கு வரும். வேற பட்டை வந்துடும், மாத்திடலாம்னு நெனச்சேன். வரல" என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வண்டிய எடுக்காம நிறுத்தியிருப்பேனேடா" என்றேன். அதற்கு அவன் சொன்னது இதோ, எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "சத்தம் போவணும்னுதானே மச்சான் நீங்க கேட்டீங்க? சத்தம் போச்சா இல்லியா?" சொல்லிவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்திருக்கும். ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்த வாசலை விட்டு இறங்கினேன். பெரிய மனசு பண்ணி நான் பேசவேண்டியது இவனோடுதான், சேகர்.

போலீசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அம்மாவைப் பெற்ற கிழவர் அப்போது அவன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். மகளும் போய் மகனும் ஜெயிலுக்குப் போனால் அந்த வீட்டில் சம்பாதித்து அவருக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அவர் போனார், நான் சொல்லவில்லை. யாருக்குச் சொல்லி என்ன வரப்போகிறது என்று தோன்றிவிட்டது. ஆனால் நான் வாய்மூடி இருந்த இடத்தில் ஊர் வாயைத் திறந்துகொண்டது. பெரியவளான நேரம் சரியில்லை, சீர் கொண்டுவந்த அத்தையை முழுங்கிவிட்டாள் என்று அந்தச் சின்னப் பெண்ணைப் பேசினார்கள். நல்ல காரியத்துக்குப் போனால் அவளை முன்னால் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்களாம். பெற்றவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ‘எம் பொண்ணு இல்ல, நான்’ என்று ஒரு தடவை சொல்லவில்லை. பட்டையை மாற்றியதைக்கூட ஆசையில் செய்தான் என்று ஒருநாள் விட்டுவிடுவேனோ என்னவோ. மகள் தலையில் அந்தப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றானே, அதை எந்தக் கணக்கில் விடுவது? நீ அவளைக் கட்டுகிறேன் என்றதில் இரக்கமும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊர் ஒதுக்கியவளை நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்ற பெருமையும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பெருமையை முதலில் தூக்கி எறி. அவளிடம் நீ மன்னிக்க எதுவுமில்லை.

உன் கடிதம் வந்த மறுவாரம் கோமதி இங்கே வந்தாள். தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். வீட்டுக்குள் வரச் சொன்னால் வரமாட்டேன் என்று வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். "அவங்க லெட்டர் போட்டிருக்காங்க மாமா. நான் வேணாம்னு பதில் போட்டுடறேன். அத்தைய முழுங்குனவ அத்த வூட்லயே வந்து வெளக்கேத்தக் கூடாது. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசவில்லை. அவளே நம்பிவிட்டாள். அத்தனை வருஷம் கேட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்? உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்பாவுக்கு இது அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "ஒங்களுக்கு?" என்றாள். எனக்கும் தெரியும் என்றேன். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் தெரிஞ்சே சும்மா இருந்திருக்கீங்க" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. அப்பாகிட்ட நான் கேக்குறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

கேட்டும் விட்டாள். பட்டறையில், வேலைக்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, "அத்த வண்டிக்கு வந்த பட்டைய யாருக்குப்பா மாட்டுனீங்க?" என்று கேட்டாளாம். அன்றைக்கே எறையூரில் இருக்கும் தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெற்றவளும் பின்னாலேயே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து உன் மாமா இங்கே வந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்து, அவன் முறை வந்ததும் உள்ளே வந்து, "எம் பொண்ண எங்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்களே மச்சான்" என்றான். அடுத்த ஆளை வரச் சொன்னேன். அவனுடன் நான் பேசவேண்டியது அவ்வளவுதான், அதற்குமேல் எதிர்பார்க்காதே.

நேற்று எறையூருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் சேறு காலோடு வந்தாள். உன்னைக் கட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அப்பா வந்து தன்னைத் தாரைவார்த்துக் கொடுப்பதாக இருந்தால் மணையில் உட்காரமாட்டாளாம். பெரியப்பா இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை, வேறு யார் கொடுப்பது என்று கேட்டேன். காலைக் கழுவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "நீங்க பொண்ணு வூட்டுப் பக்கம் வந்து நில்லுங்க மாமா. இத்தன வருசம் எனக்காக ஒரு வார்த்த பேசல. அன்னிக்காவது எம் பக்கம் நில்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே தை மாதம் நீ வந்து மணையில் உட்காரும்போது, உனக்குப் பின்னால் அப்பா அம்மா நிற்கிற இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். உன் சிநேகிதர்களில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா. நான் எதிர்ப்பக்கம் நிற்பேன்.

அப்பா